சானமாவு, இரவு பதினொன்று இருபது

முனிராஜ் அண்ணன் விளக்கை அணைத்தார்.
"ஆனை" என்றார். அவ்வளவுதான்.
ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குத் திரும்பும்
இரண்டாம் ஷிப்ட் பஸ்
காட்டு விளிம்பில் மூச்சைப் பிடித்து நின்றது.
வனக்காவலர் ஒருவர் சன்னலோரம் வந்து
செல்போன் வெளிச்சம் கூடவே கூடாது என்றார்.
முப்பத்தொன்பது செல்போன்கள்
காலி டிபன் டப்பாக்களின் பக்கத்தில் படுத்துக்கொண்டன.

அன்றைக்குத்தான் நியாயமான போட்டி.
மற்ற நாளில் நாகவேணி
துப்பட்டாவுக்குள் தேடிப் பார்த்துவிட்டு
"எனக்கு அப்பவே தெரியும்" என்பாள்.

இடப்பக்க சீட்டெல்லாம் நாங்கள்.
வலப்பக்கம் அவர்கள்.
கடைசி நீள சீட்டு நடுவர்:
ஷம்ஷாத், ரூபாவதி, தூங்கிக்கொண்டிருந்த இன்னொருத்தி.
பந்தயம், ஒரு வாரத்துக்கு மூன்றாம் வரிசைச் சன்னல்.
அந்த பஸ்ஸில் முழுதாய்த் திறக்கிற சன்னல் அது ஒன்றுதான்.
கிசுகிசுப்பாய்க் கேட்க வேண்டும்.
கிசுகிசுப்பாய்ச் சொல்ல வேண்டும்.
கைதட்டினால் ஒரு மதிப்பெண் போகும்,
ஆனையும் வரும்.

முதல் கேள்வி எங்களுக்கு.
ராயக்கோட்டை மலைக்கோட்டை
வெள்ளைக்காரன் கைக்குப் போன வருஷம்?
தினமும் அதன் அடியில்
தக்காளி லாரிக்கு வழிவிட்டு நிற்கிற நாங்கள்
வாயைத் திறக்கவில்லை.
கெலமங்கலத்துக்காரி நாகவேணி சொன்னாள்:
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
எங்கள் கோட்டை
இரண்டாம் முறையாகப் போனது.

கபடியில் நான் மீட்டேன்.
களத்தில் மூன்றே பேர் மிச்சம்,
ரெய்டரைப் பிடித்துவிட்டால் எத்தனை புள்ளி?
பத்தாம் வகுப்பில் விலகின என் தோள்மூட்டு
எனக்கு முன்னால் சொல்லிவிட்டது, இரண்டு.

சினிமாச் சுற்றில் பாட முடியாது.
ரூபாவதி முன்சீட்டுக் கம்பியில்
நகத்தால் தாளத்தை மட்டும் தட்டினாள்.
ஏழு தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு.
இரண்டு பக்கமும் ஒரே நொடியில் கண்டுபிடித்தோம்,
வேறு வேறு படம்.
தூங்கினவள் கண்ணைத் திறக்காமலே
"மெட்டு முதல்ல தெலுங்குல வந்துச்சு, ரெண்டும் சரி"
என்றுவிட்டு மறுபடி தூங்கினாள்.
டெஸ்டிங் லைனுக்குப் புதுசு.
பேர் கேட்கவில்லை யாரும்.

எண்பத்து மூன்று உலகக்கோப்பையில்
வீடியோவே இல்லாமல் போன ஆட்டத்தில்
இந்தியக் கேப்டன் அடித்த ரன்?
நூற்று எழுபத்தைந்து, அவுட் ஆகவில்லை.
ஐந்து வாய்கள் ஒன்றாய்க் கிசுகிசுத்தால்
அது கிசுகிசு இல்லை.
காவலர் திரும்பிப் பார்த்தார்.
"கேமராவே இல்லாததை எப்படிடி நம்புறீங்க?"
ஷம்ஷாத்துக்குச் சந்தேகம்.
"எழுதிவச்சவன் இருந்தான்ல" என்றது ஒரு குரல்,
எந்தப் பக்கமென்று தெரியவில்லை.

ஆறுக்கு ஆறு.

அப்போது வந்தன.
முதலில் வாசனை, நனைந்த சாக்கும் முறிந்த மூங்கிலும் போல.
பிறகு ரோட்டின் குறுக்கே
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான இருட்டு
ஒன்றன்பின் ஒன்றாக.
கேட்க ஒன்றுமில்லை எங்களுக்கு.
சாப்பாட்டுப் பை ஒன்று மடியிலிருந்து சரிந்தபோது
அதை நான்கு கைகள் பிடித்தன.

எஞ்சின் கிளம்பினதும் ஷம்ஷாத் கேட்டாள்:
கடைசிக் கேள்வி. எத்தனை?

பதினொன்று என்றோம், புதரிலிருந்து வெளிவந்ததை எண்ணின நாங்கள்.
ஒன்பது என்றார்கள், பள்ளத்தில் இறங்கினதை எண்ணினவர்கள்.
வயிற்றுக்கடியில் வந்த குட்டி கணக்கா இல்லையா என்று
அத்திப்பள்ளம் வளைவு வரை சண்டை.
முனிராஜ் அண்ணனைக் கேட்டோம்.
"நான் கண்ணை மூடிட்டிருந்தேன்மா" என்றார்
இருபது வருஷமாய் இதே ரோட்டில் ஓட்டுகிறவர்.

மறுநாள் டீக்கடைப் பேப்பரில்
எட்டாம் பக்கம், நான்கு வரி:
சானமாவு அருகே ஏழு யானைகள் சாலையைக் கடந்தன.
நாகவேணி இரண்டு தடவை படித்தாள்.
நிருபர் எந்தப் பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தாராம் என்றாள்.

மூன்றாம் வரிசைச் சன்னலில்
இந்த வாரம் அந்தப் புதுசு.
தலை கம்பியில் இடிக்க இடிக்கத் தூங்குகிறாள்,
கண்ணாடியைத் திறக்காமலே.