கல்லடிக் குறிப்பேடு

தண்ணி மோட்டர் களவுபோன மாதம்
மதில் கட்டுவதென்று பத்துப் பேருக்குத் தெளிவு.
எங்கள் நண்பர் சபையில்
கை உயர்த்துவதில்லை, எண்ணுவதில்லை.
கரண்ட் போய் விசிறி நின்றது.
மௌனத்துக்குள்
வாவிப் பக்கம் ஒரு தோணி எஞ்சின்
இருமி இருமி அணைந்தது.

"எனக்கு இன்னும் தெளியல்ல" என்றாள் தவமலர்.
காரணம் கேட்டோம்.
அதுவும் தெளியல்லையாம்.

குறிப்பு எழுதுவது நான்.
கோபத்தில் பேனை தாளைக் கிழித்தது:
முடிவில்லை. அடுத்த மாதம்.

அச்சவாரம் வாங்கிய மேசன்
முளையடித்துக் கட்டிய நீல நூல் மட்டும் நின்றது.
கால் தூக்கிக் கடக்கப் பழகினோம்.
ஒல்கா அக்காவின் முழங்காலுக்காக
யாரோ அதைத் தாழ்த்தி முடிந்திருந்தார்கள்.

மறுகா ஒரு ஞாயிறு நூலே இல்லை.
யாரும் கேட்கவில்லை.
என் விரலில் இருந்த நீலத்தை
பேனை மையென்று நினைத்திருப்பார்கள்.