வழிந்த நீர்

கோங்கோர்சுல்லின் திரையில்
உலான்பாத்தரின் வடக்குச் சரிவு
சிக்குப் பிடித்த நூலாய்க் கிடக்கிறது.
ஒவ்வொரு இழைக்கும் ஓர் எண்:
தீயணைப்பு வண்டி கடக்க எத்தனை நொடி.
மேட்டுக்குக் கொஞ்சம் கூட்டினாள்,
வேலிகள் நெருக்கும் சந்துக்கு இன்னும் கொஞ்சம்.
நாய்களுக்கு எதுவும் கூட்டவில்லை.
அவை விலகிக்கொள்ளும் என்றான் ஓட்டுநர் தம்தின்சுரேன்;
விலகவும் செய்தன.

ஜனவரி. இரவு இரண்டேகால்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
"நீலக் கதவு, பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே,
பக்கத்துக் கூடாரம், புகைக்குழாய் சிவந்து..."
பிறகு அந்தப் பெண்
யாரையோ பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினாள்.

ஏழு நிமிடம் என்றது திரை.
நீர்க்கடையை ஒட்டி ஏறும் பாதை,
அங்கிருந்து நீலக் கதவு கூப்பிடு தூரம்.

நீர்க்கடை என்றால்
ஓர் அறை, ஒரு சன்னல், ஒரு குழாய்.
பகலெல்லாம் பிள்ளைகள்
கைவண்டியில் கேன் இழுத்து ஏறுவார்கள்.
மூடி சரியில்லாத கேன், ஒரு குலுக்கல்,
ஒரு கை நீர் வழியும்.
அக்டோபரிலிருந்து வழிந்ததெல்லாம்
வழியிலேயே உறைந்து கிடந்தது,
தெருவிளக்கில் மினுங்கிக்கொண்டு.

ஐயாயிரம் லிட்டர் சுமந்த வண்டி
பாதி மேட்டில் நின்றது.
நின்றபடியே
மெல்லக் கீழே வந்தது.

"தண்ணீர் விடமாட்டேன் என்கிறது"
என்றான் தம்தின்சுரேன் வயர்லெஸ்ஸில்.

சுற்றிப் போனார்கள். பத்தொன்பது நிமிடம்.
கம்பளிக் கூடாரம் அத்தனை நேரம் எரியாது,
அதற்குள் முடிந்துவிடும்.
எதிர்வீட்டுக் காரில், எஞ்சின் ஓட,
ஐந்து பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள்.
ஐந்து பேரும்.
கோங்கோர்சுல் இரண்டுமுறை எண்ணச் சொன்னாள்.

காலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல்
அந்த மேட்டில் ஏறினாள். இரண்டு இடத்தில் விழுந்தாள்.
"அடுப்புச் சாம்பலைத் தூவினால் வழுக்காது"
சன்னலுக்குள்ளிருந்து சொன்னாள் நீர்க்கடை செர்மா.
"சாம்பலுக்கா பஞ்சம் இந்த ஊரில்?
தூவத்தான் ஆளில்லை."

அந்த இழைக்கு அறுநூறு நொடி கூட்டலாம்,
ஏப்ரல் வரை.
கூட்டினாள்.
பிறகு அழித்தாள்.
சாம்பல் தூவியாயிற்றா என்று கேட்க
அவள் படிவத்தில் கட்டமே இல்லை.

இப்போது தினமும் மாலை,
கடை மூடும் முன், ஒரு தொலைபேசி:
"இன்றைக்கு வழி எப்படி?"
செர்மா சன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பது கேட்கிறது,
காற்று கேட்கிறது.
"பாதி" என்கிறாள்.

விரல் விசைப்பலகை மேல் நிற்கிறது.
பாதிக்கு எத்தனை நொடி?