எழுபது டிகிரியில் மேற்கண்

சூயிங்கம் பாக்கெட்டைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி.
ஒரு முனையில் தங்கப் பற்கள்,
மறுமுனையில் கண்ணாடி இழை நுழையும் துளை.
மின்சாரம் சொல்வதை ஒளியிடம் சொல்லும்,
ஒளி சொல்வதை மின்சாரத்திடம்.
துபாஷி வேலைதான்.
நொடிக்கு நாற்பதாயிரம் கோடித் துணுக்கு.

பெய்ன்டனில் பிப்ரவரி.
கடலோரம் வரிசையாகப் பனை போல ஒன்று நிற்கும்;
பனையே இல்லை என்று தெரிய
எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஆய்வகத் திரையில் அலை
நாலு மட்டங்களில் ஏறி இறங்கும்.
லட்சம் தடவை ஒன்றின்மேல் ஒன்று படிந்த பின்னும்
கோடு படாமல் மிஞ்சும் இருள் இருக்கிறதே,
அதற்குப் பெயர் கண்.
கீழ், நடு, மேல்: மூன்று.

இருபத்தைந்து டிகிரியில் மூன்றும் விழித்திருந்தன.
வெப்பப் பெட்டியில் ஐம்பது. சரி.
அறுபத்திரண்டில் மேற்கண் சொக்கியது.
எழுபதில் மூடிக்கொண்டது,
சாப்பாட்டுக்குப் பிந்தைய கூட்டத்தில்
எங்கள் மேலாளர் போல.

லேசரைச் சந்தேகித்தேன். பிறகு அதை இயக்கும் சில்லை.
பிறகு இழை முனையில் தூசியை:
பார்த்து, துடைத்து, பார்த்து, துடைத்து,
கீறல்கூட இல்லை.
வாடகைக்கு எடுத்த அளவுக் கருவியை
அதன் வாடகைக்காகவே சந்தேகித்தேன்.
எட்டாம் நாள் எண்கள் சொல்லின:
மூன்றாம் தடத்தில், சூடு ஏற ஏற,
ஒளி வழி தவறுகிறது.

வில்லைகளை ஒட்டுபவள் க்வெண்டா டோஸர்.
இருபத்தாறு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு
மைக்ரான் மைக்ரானாக நகர்த்தி
ஒளி உச்சம் தொடும் இடத்தில்
"அங்கேயே இரு, செல்லம்" என்பாள் வில்லையிடம்.
பிறகு ஒரு துளிப் பசை. அதன்மேல் புற ஊதா விளக்கு.
முப்பது நொடி.

முப்பது இல்லை. இருபது.
நவம்பரில் செயல்முறைத் தாளில்
முப்பதை அடித்து இருபது எழுதியவள் நான்.
பெட்டிக்கு நாலு வில்லை, வில்லைக்குப் பத்து நொடி
என்று கணக்குக் காட்டிக்
கைதட்டும் வாங்கினேன்.
வேகாத பசை சூட்டில் இளகியது.
வில்லை நகர்ந்தது
தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு.
ஒளிக்கு அது அடுத்த ஊர்.

க்வெண்டா தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
அந்தத் தேதியில், பென்சிலில்: இது போதாது.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"சொன்னேன். மின்னஞ்சலில் அனுப்பு என்றாய்."
டீ போடவா என்று கேட்பாளே, அதே குரல்.

புதுப் பெட்டி. புது வில்லை. முப்பது நொடி.
விளக்கிலேயே கடிகாரம் இருந்தும்
நானும் எண்ணினேன், தமிழில், வாய்க்குள்.

இரவு பதினொன்று. வெளியே இரண்டு டிகிரி,
பெட்டிக்குள் எழுபது.
மேற்கண் திறந்திருந்தது.
அழகு என்று சொல்ல முடியாது.
கொஞ்சம் சாய்வு, தூங்கி எழுந்த வீக்கம்.
திறந்திருந்தது.

பிழை எண்ணி ஓடத் தொடங்கியது.
இந்த வேகத்தில் சுழி வராது,
வரவேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை.
பத்தாயிரத்துக்கு இரண்டுக்குள் இருந்தால்
மறுமுனையில் காத்திருக்கும் கணிதம்
தானே திருத்திக்கொள்ளும்.
எங்கோ ஒரு குழு கூடி, காபி குடித்து,
அந்த எல்லையை வகுத்திருக்கிறது.
நல்ல மனசுக்காரர்கள்.

செயல்முறைத் தாளில் இருபதை அடித்து முப்பது எழுதினேன்.
"மாற்றத்துக்குக் காரணம்" என்ற கட்டத்தில்
'பென்சில்' என்று போட்டேன்.
தணிக்கைக்காரருக்குப் புரியாது.
அடித்துவிட்டு முழு வாக்கியமாக எழுதினேன்,
எழுவாயோடு.

விளக்கை அணைத்த பிறகும்
இழைக்குள் ஒளி ஓடிக்கொண்டிருந்தது.
அகச்சிவப்பு; என் கண் காணாதது.
இருட்டில் பச்சை எண்கள் மட்டும்
ஏறிக்கொண்டே,
எல்லைக்குள்.