ஆறு பலகைகள்

ஜூலை பதினெட்டு.
புல்லின் மேல் உறைபனி.
குழாயின் வாயில் ஒரு விரல் நீளப் பனிக்கட்டி.
ம்பாஷே ஆற்றுப் பாலம் தாண்டி
வெள்ளைப் பேருந்து ஒன்று
மூச்சிரைக்க மேடேறுகிறது.

பள்ளிக்கூடத்துச் சாவிகள் என்னிடம்.
வாளி, துடைப்பம், மணியடிக்கும் இரும்புத் துண்டு
எல்லாம் என் பொறுப்பு.
வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரே பனியன்:
நெஞ்சில் அவர் முகம்,
முதுகில் ஒரு வங்கியின் பெயர்.

அவர் இந்த மண்ணுக்குக் கொடுத்தது அறுபத்தேழு ஆண்டு.
ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்து
இன்றைக்கு நாடே
அறுபத்தேழு நிமிடம் பிறருக்கு உழைக்கிறது.
நல்ல கணக்குதான்; குறை சொல்லவில்லை.
என் அப்பா அவருக்கு ஓட்டுப்போட
விடியுமுன் போய், இருட்டும்வரை நின்றார்.
கையில் தடவிய மை கண்ணுக்குத் தெரியாத மை.
ஆனாலும் மூன்று நாள் கழுவவில்லை.

சுவர்தான் பாவம்.
முதல் ஆண்டு பச்சை, அடுத்து மஞ்சள்,
பிறகு ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் நீலம்.
காரை பெயர்ந்த இடத்தில்
வெட்டிய மரத்தில்போல் வருஷங்கள் தெரியும்.
இது எட்டாவது பூச்சு.
கூரை ஒழுகினாலும்
சுவர் கோட்டு போட்டிருக்கிறதே என்பார்
தலைமையாசிரியர் வுயிசிலே.

அவர் முகத்தையும் ஆண்டுதோறும் புதிதாக வரைகிறார்கள்.
தலைக்குப் போகுமுன்
வெள்ளைச் சாயம் எப்போதும் தீர்ந்துவிடுகிறது.
ஆகவே நரை குறைந்து
வருஷத்துக்கு வருஷம் இளைக்கிறார் வயதில்.
இப்படியே போனால்
இன்னும் சில குளிர்காலத்தில்
இரண்டாம் வகுப்பில் வந்து உட்காருவார்.
கையைத் தூக்குவார்.
எங்கே ஒதுங்குவது என்று என்னைக் கேட்பார்.

பின்பக்கம் தகர அறை. உள்ளே குழி.
அதன்மேல் இருந்த பலகை
மார்ச் மழையில் பிளந்துவிட்டது.
மாவட்ட அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போயிற்று.
பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள்;
ஒருத்தி குந்த,
ஒருத்தி கையை இறுகப் பிடித்திருக்க.

லித்தாவுக்கு ஆறு வயது.
பள்ளிக்கூடத்தில் உனக்கு நன்றாக வருவது எது என்று
பனியன் போட்ட ஒரு பெண் குனிந்து கேட்டாள்.
"கை பிடிக்கிறது" என்றாள் லித்தா.
அந்தப் பெண் உருகிப்போய்
படம் எடுத்துக்கொண்டாள்.

யாருடைய போனோ ஒலித்தது. அறுபத்தேழு.
தூரிகைகள் வாளிக்குள் விழுந்தன.
விடுதலை என்று எழுதிக்கொண்டிருந்த பையன்
கடைசி எழுத்துக்கு முன்னால் நின்றான்,
பேருந்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

மேடை மட்டும் மிஞ்சியது.
ஆறு பைன் பலகை, மேலே நீலக் கம்பளம்.
வெள்ளிக்கிழமை ஆள் வந்து எடுத்துப்போவார்.

இரண்டு போதும்.
மூன்று எடுத்தேன்.
மரம் புதுசு, ரம்பம் பழசு;
ஆணிகள் உடைந்த பெஞ்சிலிருந்து பிடுங்கி
கல்லில் தட்டி நிமிர்த்தியவை.
நடுவில் துளை,
லித்தாவின் இடுப்பு எந்தக் காலத்திலும் புகாத அளவு.
நேரம் பார்க்கவில்லை.
இருட்டியதும் மேலே ஏறி நின்று
என் எண்பத்துநாலு கிலோவோடும்
இரண்டு தரம் குதித்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபுண்டிலே வந்தார், வாடகைப் பலகைக்காரர்.
கம்பளத்தைத் தூக்கி எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
நான் மணி இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
காற்று கொண்டுபோயிற்று என்று சொல்லலாமா?

அவர் ஒதுங்கப் பின்பக்கம் போனார்.
வர நேரமாயிற்று.

வந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
ரசீதில் எழுதினார்: ஆறு, பெற்றுக்கொண்டேன்.
கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டார்.
மிச்சப் பலகைகளை அங்கேயே விட்டுவிட்டு
கேட்டார்:

"பையன்களுடையது எந்தப் பக்கம்?"