ஈரப்பதம்

எனக்கு வேலை நிறுக்கிறது.
தம்பிலுவில் நெல் ஸ்டோரில்
பதினேழு வருஷமாய்.

மூட்டையை மேடையில் வைத்ததும்
சிவப்பு இலக்கம் கொஞ்சம் ஓடும், பிறகு நிற்கும்.
ஒரு பிடி நெல்லை மற்ற மெசினில் போட்டால்
உள்ளே எவ்வளவு தண்ணி என்று சொல்லும்.
பதினாலுக்கு மேலே போனால் கழிவு.
அந்தக் கழிவில்தான் சண்டை எல்லாம்.
"தண்ணியையும் நான்தானே புள்ள சுமந்து வந்த"
என்பார் சாமித்தம்பி அண்ணன்,
ஒவ்வொரு போகமும், அதே சாரத்தோடு.

நான் ஊதத் தொடங்கினது ஒரு சிறுபோகத்தில்.
மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன்.
தகரக் கூரைக்குக் கீழே
லொறிக்காரர் சட்டையைக் கழற்றிப் பிழிகிற வெயிலில்
எனக்குக் குளிர்ந்தது.
குரல் யாரோ ஆம்பிளையின் குரல்.
ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டேன். ஏறியது.
அதிலும் பாதியை விட்டேன். ஏறியது.
"ஸ்டோரிலே இருந்து இருந்து
நீயும் ஒரு மூட்டையாப் போனாய்" என்றா மச்சாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்,
கொஞ்சம் பிந்தி.
அந்த நாட்களில் எதுவும் விளங்க
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அக்கரைப்பற்று கிளினிக்கில்
கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தம் எடுத்து,
சின்ன வெள்ளைக் குளிசை எழுதினார்கள்.
விடிய, வெறும் வயிற்றில்.
ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி கூடாது
என்றா மிஸ்ஸி, தன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

அந்த ஒரு மணித்தியாலம்!
குசினியில் அவர் இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டால்
என்னால் வீட்டுக்குள் இருக்க ஏலாது.
செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன்.
பிறகு கேட்டவர்களுக்கு
உடற்பயிற்சி என்று சொன்னேன்.

நாலு மாதத்தில் மூன்றரைக் கிலோ போனது.
மோதிரம் விரலுக்கு வந்தது, குரல் எனக்கு.
அதன் பிறகு இலக்கம் அசையவில்லை.
கூட்டித் தாங்க என்று கேட்டேன்.
டொக்டர் துண்டைப் பார்த்தார், இரத்தம் சரி என்றார்.
"குளிசை தன்ட பங்கை எடுத்திட்டுது, அம்மா.
மிச்சம் சாப்பாடு."
இது எனக்கு உடனே விளங்கியது.
ஈரம் கழித்தாயிற்று. இனி இருக்கிறது நெல்.

நெல்லை எப்படிக் குறைக்கிறது?
இந்த ஊரில் களத்தில் நின்று
குறைஞ்சது என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள்.
பொலி, பொலி என்றுதான் அள்ளுவார்கள்.
நான் சின்னக் கோப்பைக்கு மாறினேன்.
சோற்றைக் கையால் அமத்திப் போட்டுவிட்டு
சின்னக் கோப்பைதானே என்று ஏமாற்றியதும் உண்டு.
ஒன்பது கிலோ போக இரண்டு வருஷம்.

"என்னகா, சீனி வருத்தமா?" என்று கேட்டார்கள்.
பிறகு கேட்கவில்லை.
அந்தக் கேள்வி நின்ற பிறகுதான் வேலை கூடியது.
பெரும்போக அறுவடையில்
லொறி விடியவே வந்து ஹோர்ன் அடிக்க,
குளிசையை மறந்தும், தேத்தண்ணியோடு விழுங்கியும்,
கிடைத்த பார்சலைத் தின்றும் இரண்டு மாதம்.
நாலு கிலோ திரும்பி வந்து குந்தியது,
கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

அதை மறுபடி இறக்கினேன்.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
கோப்பை. கடற்கரை. கோப்பை.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு
செருப்பைக் கழற்றி மேடையில் ஏறுவேன்.
காவல்கார உதுமாலெவ்வை
அந்த நேரம் பார்த்துப் பூட்டைச் சோதிப்பார்.
கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்:
எழுபத்தொன்று நானூறு.
எழுபத்தொன்று அறுநூறு.
எழுபத்தொன்று நானூறு.
பதினாலு மாதமாய் இந்தப் பக்கத்தில்
ஒரு செய்தியும் இல்லை.

இன்றைக்கும் பில்லை மடித்து மடியில் செருகிக்கொண்டு
"பொலியட்டும் புள்ள" என்றார் சாமித்தம்பி அண்ணன்.
"வட்டைக்குச் சொல்லுங்க" என்றேன்.