செவ்வாய்க்கிழமைத் தூசி

தூசுக்குச் சமம் என்று
யாரையாவது யாராவது சொன்னால்
எத்தனை மில்லிகிராம் என்று கேட்கத் தோன்றுகிறது.
தொழில் அப்படி.

பூம்பாறைச் சரிவில்
பூண்டு பிடுங்கி முடிந்த மாசியில்
ஆறு கம்பம் நட்டேன்.
கம்பத்துக்கு நான்கு தகர வாய்:
கணுக்கால், முழங்கால், இடுப்பு, தலைக்கு மேல்.
வால் உண்டு என்பதால்
காற்று வரும் பக்கம் திரும்பி
வாயைத் திறந்து நிற்கும்.
பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்
தகரக்கோழி என்றார்கள்.
அறிக்கையில் அந்தப் பெயரைப் போட முடியவில்லை.

உழுது காய்ந்த நிலத்தில்
காற்று முதலில் தூசியைத் தொடுவதில்லை.
தூசி மாவு மாதிரி ஒன்றையொன்று பிடித்துக் கிடக்கிறது.
மணலைத்தான் கிள்ளிவிடுகிறது.
மணல் ஒரு சாண் எழும்பிக் குதித்து
விழுந்த இடத்தில் மோதித்
தூசியைக் கிளப்பிவிட்டுத்
தான் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.
தூசி மலை தாண்டிப் போகிறது.
எங்கள் துறையில் இருபது வருடம் இருந்தவளுக்கு
இதில் புதிதாக எதுவும் இல்லை;
துறை என்று நான் சொல்வது அலுவலகத்தையும் சேர்த்து.

மாசிக் கடைசியில்
நிலத்துக்காரி காமுத்தாய் கேட்டாள்:
"எம்மண்ணு எம்புட்டுப் போச்சு?"
ஏக்கருக்கு நானூற்றுப் பதினாறு கிலோ என்றேன்.
"எட்டு மூட்டை, மேல பதினாறு.
எங்க போய் எறங்குச்சு?"
பாதி கீழ்ச்சரிவில், பரமனாண்டி காட்டில்.
"அப்ப அவன் பட்டாவுல
எம்பேரையும் சேக்கச் சொல்லுங்க."
சிரிக்காமல்தான் சொன்னாள்.
மீதிப் பாதி எங்கே என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எனக்கும் தெரியாது.

மூன்றாம் கம்பத்தில் மட்டும் ஒரு கருவி
நிமிடத்துக்கு ஒருமுறை தூசியை எண்ணும்.
அதன் கோட்டைத் திரையில் விரித்தபோது
செவ்வாய்தோறும் பத்தரை மணிக்கு
எழுந்து நின்றது ஒரு முள்.
நாலு செவ்வாய். நாலு முள்.
அரபிக்கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பாலை
புயலாய் எழுந்து
இந்த மலையில் வந்து உதிர்கிறது என்று
இரண்டு இரவு தூங்காமல்
பாதிக் கட்டுரை எழுதினேன்.
பாலைவனத்துக்குக் கிழமை தெரியுமா என்று
கூட இருந்த யாரும் கேட்கவில்லை.
நானும்.

"நீங்க வர்ற அன்னிக்குத்தான் தூசி, டாக்டரு."
பூண்டுத் தாளைப் பின்னிக்கொண்டே
காமுத்தாய் சொன்னாள்.
"மத்த நாள்லதான் நான் துணி காயப் போடுறது."

வடிதாள் மாற்ற
கொடைக்கானலிலிருந்து வரும் எங்கள் ஜீப்.
பத்தரை மணி.
கட்டுரை மண்ணைக் கவ்வியது,
அதுவும் பாதை மண்ணை.

பங்குனியில்
ஜீப்பைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு
வடிதாள் பெட்டியோடு நடந்தேன்.
மூச்சு வாங்கியது.
முள் படுத்துவிட்டது.
பழைய செவ்வாய்களைக் கழித்துக் கணக்கைத் திருத்தி
முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று சொல்லப் போனேன்.
"எட்டு மூட்டைக்கு ரெண்டு கிலோ கம்மி"
என்று விரல் மடக்கியவள்
"அப்ப பதினெட்டு கிலோ திருப்பிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.
நன்றி மாதிரியும் இருந்தது.
வசூல் மாதிரியும் இருந்தது.

ஆறாவது கம்பம் சோலை ஓரத்தில்.
அதன் வாய்களில் இந்த இரண்டு மாதமும்
தராசு நம்பும்படி ஒன்றும் விழவில்லை:
பெரணி வித்து,
ஏதோ பூச்சியின் இறகுச் செதில்,
எந்த ஊர் என்று சொல்ல முடியாத
ஒரு சிவப்புத் துணுக்கு.

அன்று இரவு குடியிருப்பு வாசலில்
செருப்பைத் தட்டினேன்.
விழுந்ததைக் கூட்டி எடுத்து
பழக்கதோஷத்தில் எடை போட்டேன்.
இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல்.
நடந்து போன செவ்வாயின் மண்.
எந்தக் கம்பத்தின் உறையில் போடுவது என்று தெரியாமல்
காகிதத்தில் மடித்து
மேசையில் வைத்திருக்கிறேன்.
காமுத்தாயிடம்
இன்னும் சொல்லவில்லை.