ஏழாம் கட்டம்

மழை விட்டு ஒன்பது நாள்.
காசிமியாவின் பின்தெருவில்
தண்ணீர் இன்னும் முழங்காலளவு.
லாரிகள் உறிஞ்சி உறிஞ்சி
எங்கே கொண்டுபோய் ஊற்றுகின்றன என்று
யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கொடுத்தது ஒரு மடிக்கணினி,
ஒரு பள்ளிக்கூடத்து மேசை,
முதுகில் அரபி எழுத்துள்ள மஞ்சள் அங்கி.
படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
ஏழாவது: உடன் வசிப்போர்.
அதன் கீழே பொடி எழுத்தில்,
குடும்பத்தார் மட்டும்.

ஓர் ஒப்பந்தம், ஒரு பெயர், ஓர் உதவித்தொகை.
உஸ்தாத் ஹானி இதை மூன்று முறை சொன்னார்,
மூன்றாம் முறை என்னைப் பார்க்காமல்.

நாற்பத்திரண்டாம் டோக்கன், சிவனணைந்தான்.
அல் வர்தா கட்டடம், தரைத்தளம், ஃப்ளாட் மூன்று.
உடன் எத்தனை பேர்?
"என்னையும் சேத்து பதினாலு, மேடம்."
குடும்பமா?
கொஞ்சம் யோசித்தார்.
"ஒரே சட்டியில சாப்பிடுறோம்."

கேட்காமலே சொன்னார்:
மேல் கட்டில் ஒன்றுக்கு இரண்டு பேர்,
ஒருவன் பகல் ஷிஃப்ட், ஒருவன் இரவு,
மெத்தை சூடு ஆறுவதே கிடையாது.
தண்ணீர் ஏறியபோது முதலில் மிதந்தது
அரிசி டப்பா.
பிறகு எல்லாருடைய செருப்பும்
சோடி பிரிந்து
வாசலைத் தேடிப் போயின.

பதினான்கு என்று அடித்தேன். கட்டம் சிவந்தது.
ஒன்று என்று அடித்தேன். பச்சை.

இரண்டாயிரம் திர்ஹம்.
கையெழுத்துப் போடும் முன்பே வகுத்துவிட்டார்:
தலைக்கு நூற்றி நாற்பத்திரண்டு.
மிச்சம் பன்னிரண்டுக்கு பிளீச்சிங் பவுடர்.

அவர் எழுந்து போகாமல் நின்றார்.
பதினோராம் கட்டம், குறிப்பு, காலியாக இருந்தது.
பேரைச் சொல்லுங்க என்றேன்.
கோவில்பட்டி பாலவேசம். ராமநாதபுரம் நைனா முகமது.
நேபாளத்துத் தில்பகதூர். பாலக்காட்டு உண்ணித்தான்.
லாகூர்க்காரர் ஒருவர், தையற்காரர்,
பெயர் தெரியாது, மாஸ்டர் என்றே போட்டேன்.
பதின்மூன்றாவது பெயர்
'ஜஹாங்' வரை ஏறியது.
'கீர்' உள்ளே வரவில்லை.
எழுத்துக்கும் அங்கே வரம்பு உண்டு.

ஆகஸ்டில் அறிக்கை.
ஒரு கோடு செலவு, மேலே போகிறது.
ஒரு கோடு ஆட்கள், கீழே வருகிறது.
ஜூனில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.
தலைக்குச் செய்த உதவி
இதுவரை இல்லாத உயரம் என்று
யாரோ கைதட்டினார்கள்.
புதுப் பூச்சு, புது டைல்ஸ், புது வாடகை,
கட்டில்களைக் கழற்றி விற்றாயிற்று.
அல் வர்தா, ஃப்ளாட் மூன்று:
குறைந்தோர், ஒருவர்.

பாலவேசம் அஜ்மானில், மாஸ்டர் கடைக்குள்ளேயே படுக்கிறார்,
தில்பகதூர் ஊருக்குப் போய்விட்டான்.
இதெல்லாம் சிவனணைந்தான் போனில் சொன்னது.
ஜஹாங்கீரைப் பற்றி
அவருக்கும் தெரியவில்லை.

குறிப்புக் கட்டத்தை உஸ்தாத் ஹானி படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி படித்தார்.
அழிக்கவில்லை.
அச்சிடும்போது மட்டும்
அந்தக் கட்டத்தை மறைத்துக்கொண்டார்.

நான் இருப்பது மூன்றாம் மாடி, பாதி அறை.
ஒப்பந்தம் மேரிவிக் பெயரில்.
நேற்று நூறு திர்ஹம் கூட்டிக் கேட்டாள்,
வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் மாடிதான் கேட்கிறார்களாம்.
சரி என்றேன்.

ஜிப்சம் பலகைக்கு அந்தப் பக்கம்
யாரோ புதிதாக
இருமுகிறார்கள்.